ஜன்னலில் தொடங்கிய வீடு!

குழந்தைகளே! உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா என்ன செய்வார்? நெற்றியில் ஈரத்துணி போடுவார். கஞ்சி வைத்துக் கொடுப்பார். டாக்டரிடம் அழைத்துப் போவார். மருந்து சாப்பிட்டதும் இரண்டு, மூன்று நாட்களில் காய்ச்சல் ஓடிப் போகும். நீங்களும் பழையபடி தெருவில் விளையாடக் கிளம்பி விடுவீர்கள்.

ஆனால், சில நோய்கள் அப்படி ஓடிப் போவதில்லை. எவ்வளவு மருந்து கொடுத்தாலும் குணமாகாது என்று டாக்டர்களே கைவிரித்து விடும் நேரம் உண்டு. அப்போது அந்த நோயாளியை யார் பார்த்துக் கொள்வது? அவருக்கு வலித்தால் யார் கவனிப்பது? பயந்தால் யார் பக்கத்தில் உட்காருவது?

இந்தக் கேள்விகளைத் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. பதிலைத் தேடி நர்ஸ் ஆனார். சமூக சேவகி ஆனார். கடைசியில் டாக்டரும் ஆனார்! அவர்தான் சிசிலி சாண்டர்ஸ்.

உயரமான, கூச்சமான சிறுமி

லண்டனுக்கு வடக்கே பார்னெட் என்ற ஊர். அங்கே 1918ம் ஆண்டு, ஜூன் 22ம் தேதி சிசிலி பிறந்தார். அப்பா வீடு, நிலம் விற்றுத் தரும் தொழில் செய்து வந்தார். வசதியான குடும்பம். சிசிலிதான் மூத்தவர். அவருக்குப் பின் இரண்டு தம்பிகள்.

பெரிய வீடு, தோட்டம் எல்லாம் இருந்தும் வீட்டில் நிம்மதி இல்லை. அப்பாவுக்கும், அம்மாவுக்கும் ஒத்துப் போகவில்லை. பின்னாளில் இருவரும் பிரிந்தே விட்டனர்.

சிசிலிக்கு, 14 வயதானபோது, பிரைட்டன் நகருக்கு அருகில் உள்ள ரோடீன் என்ற விடுதிப் பள்ளியில் சேர்த்தனர். அங்கேயும் அவருக்கு மகிழ்ச்சி இல்லை. காரணம், அவர் மற்ற சிறுமிகளை விட மிகவும் உயரம். அதோடு கூச்ச சுபாவம். முதுகெலும்பு வேறு லேசாக வளைந்திருந்தது. அதைச் சரி செய்ய தினமும் தரையில் நெடுநேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். மற்றவர்கள் சிரித்து விளையாடும்போது, ஒதுங்கி நிற்பவராகவே அவர் இருந்தார்.

கூட்டத்தில் யாரும் சேர்த்துக் கொள்ளாமல் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்து போனது. அந்த வலி வீண் போகவில்லை. தனியாக விடப்பட்டவர்கள் எங்கே இருந்தாலும், அவர்கள் பக்கம் போய் நிற்கும் மனதை அதுதான் அவருக்குக் கொடுத்தது.

படிப்பை விட்டு நர்ஸ் வேலைக்கு!

பள்ளிப் படிப்பு முடிந்ததும் நர்ஸ் ஆக வேண்டும் என்பது சிசிலியின் ஆசை. பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. எனவே 1938ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அரசியல், தத்துவம், பொருளாதாரம் படித்தார்.

அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப்போர் மூண்டது. நாடே தவிக்கும்போது புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க சிசிலிக்கு மனம் வரவில்லை. 1940ல் படிப்பைப் பாதியில் நிறுத்தினார். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் நர்ஸ் பள்ளியில் சேர்ந்தார். அது யார் தொடங்கிய பள்ளி தெரியுமா? கை விளக்கேந்திய காரிகை என்று நாம் படித்திருக்கிறோமே, அதே ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860ல் தொடங்கிய பள்ளிதான்!

நர்ஸ் வேலை சிசிலிக்கு மிகவும் பிடித்துப் போனது. இதுவரை எங்கேயும் ஒட்டாமல் இருந்தவர், நோயாளிகளின் கட்டிலுக்கு அருகில்தான் தன் இடம் இருக்கிறது என்று உணர்ந்தார்.

ஆனால், பழைய எதிரி மீண்டும் வந்தது. அதுதான் முதுகு வலி! நோயாளிகளைத் தூக்கவும், புரட்டவும் வேண்டிய வேலை அல்லவா? முதுகு தாங்கவில்லை. 1944ல் நர்ஸ் பயிற்சியை முடித்த கையோடு, அந்த வேலையைத் தொடரக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லி விட்டனர்.

வேறு யாராவது இருந்தால் வீட்டிலேயே முடங்கியிருப்பார்கள். சிசிலி வேறு வழி தேடினார். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பிப் படிப்பை முடித்தார். நோயாளிகளின் குடும்பக் கஷ்டம், பணக் கஷ்டம் ஆகியவற்றைக் கேட்டு உதவும் மருத்துவமனை சமூக சேவகியாகப் பயிற்சி பெற்றார். 1947ல் மீண்டும் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்குள் நுழைந்தார்.

ஒரு ஹோட்டல் சர்வர்

அங்கே அவர் பொறுப்பில் வந்த முதல் நோயாளிகளில் ஒருவர், டேவிட் டாஸ்மா. போலந்து நாட்டின் வார்சா நகரிலிருந்து வந்த யூதர். லண்டனில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்தவர். வயது, 40 தான். குணப்படுத்த முடியாத புற்றுநோய் அவரைப் பிடித்திருந்தது. அவருக்கு லண்டனில் சொந்தபந்தம் யாரும் இல்லை.

மருத்துவமனையை விட்டுப் போன பிறகும் டேவிட்டை சிசிலி மறக்கவில்லை. 1948ம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் வேறொரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அங்கே தேடிப் போனார். இரண்டு மாதத்தில் ஏறக்குறைய, 25 முறை அவரைப் பார்க்கப் போனார்.

இரைச்சல் நிறைந்த பொது வார்டு அது. அங்கே இருவரும் மணிக்கணக்கில் பேசுவர். டேவிட்டுக்கு உடல் வலியை விடப் பெரிய வலி ஒன்று இருந்தது. தான் வாழ்ந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. செத்துப் போனால் தன்னை நினைக்க ஒரு ஜீவன் கூட இல்லை என்று அவர் வருந்தினார்.

அப்போது இருவரும் சேர்ந்து ஒரு கனவு கண்டனர். டேவிட் போன்றவர்கள் கடைசி நாட்களை வலி இல்லாமல், அமைதியாகக் கழிக்க ஓர் இடம் இருந்தால் எப்படி இருக்கும்? அது மருத்துவமனை போலவும் இருக்க வேண்டும். வீடு போலவும் இருக்க வேண்டும். பேச நேரமும், கேட்க ஆளும் இருக்க வேண்டும்.

ஒருநாள் டேவிட், மனதுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லும்படி கேட்டார். சிசிலி தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பிரார்த்தனைப் பாடல் ஒன்றைச் சொன்னார். பிறகு புத்தகத்தைப் பார்த்துப் படிக்கட்டுமா என்று கேட்டார். டேவிட் வேண்டாம் என்று தலையாட்டி விட்டார். புத்தகத்தில் இருப்பது தனக்குத் தேவையில்லை. சிசிலியின் அறிவிலும், மனதிலும் இருப்பது மட்டுமே போதும் என்றார்.

அறிவும், மனமும்! இந்த இரண்டையும் சிசிலி கெட்டியாகப் பிடித்துக் கொண்டார். சாகப் போகிறவருக்கு உதவ வெறும் இரக்கம் போதாது, வலியை நீக்கும் அறிவு வேண்டும். வெறும் அறிவும் போதாது, பக்கத்தில் உட்காரும் மனம் வேண்டும். பின்னாளில் அவர் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கற்றுக் கொடுத்த பாடத்தின் சாரமே இதுதான்.

1948 பிப்ரவரியில் டேவிட் இறந்தார். தான் சேர்த்து வைத்திருந்ததில், 500 பவுண்டை சிசிலிக்கு எழுதி வைத்திருந்தார். சிசிலி கட்டப் போகும் வீட்டில், தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

யோசித்துப் பாருங்கள். அப்போது வீடும் இல்லை, நிலமும் இல்லை. வீடு கட்ட வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான். அந்தக் கட்டடத்துக்கு முதலில் கிடைத்தது, ஒரு ஜன்னல்!

33 வயதில் மருத்துவக் கல்லூரி!

டேவிட் இறந்த பின், சாகும் நிலையில் உள்ள ஏழைகளுக்காக நடத்தப்பட்ட செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்துக்கு சிசிலி போகத் தொடங்கினார். பகலில் தன் வேலை, மாலையில் அங்கே சம்பளம் இல்லாத நர்ஸ்!

அங்கே ஓர் அதிசயத்தைக் கண்டார்.

அந்தக் காலத்தில் பெரிய மருத்துவமனைகளில், புற்றுநோயாளி வலியால் துடித்துக் கேட்ட பிறகுதான் மார்ஃபின் ஊசி போடுவர். மார்ஃபின் என்பது கடுமையான வலியைப் போக்கும் மருந்து. அடிக்கடி கொடுத்தால் நோயாளி அதற்கு அடிமையாகி விடுவார் என்று டாக்டர்கள் பயந்தனர். எனவே நோயாளி வலியில் புழுவாய்த் துடிப்பார், கெஞ்சுவார், ஊசி போட்டதும் தூங்குவார், விழித்ததும் மறுபடி வலி. அடுத்த ஊசி எப்போது என்று கடிகாரத்தையே பார்த்துக் கொண்டிருப்பார்.

செயின்ட் லூக்ஸில் அப்படி இல்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நோயாளி கேட்காமலேயே, குறிப்பிட்ட அளவு மருந்தை வாயில் ஊற்றினர். வலி வருவதற்கு முன்பே மருந்து வந்து விடும்! அதனால் அங்கிருந்தவர்கள் முகத்தில் பயம் இல்லை. விழித்திருந்தனர், பேசினர், சாப்பிட்டனர்.

இந்த முறையை எல்லா மருத்துவமனைகளுக்கும் கொண்டு போக வேண்டும் என்று சிசிலி துடித்தார். ஆனால், ஒரு நர்சோ, சமூக சேவகியோ சொன்னால் டாக்டர்கள் கேட்பார்களா? அவர் வேலை பார்த்த நார்மன் பாரெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு யோசனை சொன்னார். சாகும் நிலையில் உள்ளவர்களைக் கைவிடுவது டாக்டர்கள்தான். எனவே சிசிலியே டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றார்.

அப்போது சிசிலிக்கு வயது 33. அரசியலும், பொருளாதாரமும் படித்தவர். கூடப் படிக்கப் போகிறவர்களோ அவரை விடப் பல வயது சிறியவர்கள். ஆனாலும் தயங்கவில்லை. 1951ல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1957ல், 38வது வயதில் டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தார்!

டேப் ரெக்கார்டரோடு ஒரு டாக்டர்

அடுத்த ஆண்டு, லண்டனின் ஹாக்னி பகுதியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய செயின்ட் ஜோசப் இல்லத்தில் ஆராய்ச்சி செய்யும் டாக்டராகச் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் அங்கே பணியாற்றினார்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து என்ற முறையை அங்கே கொண்டு வந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன மருந்து, எவ்வளவு, என்ன பலன் என்று விடாமல் குறித்து வைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரம் சேர்ந்தது. வலி வருமுன் சரியான அளவில் கொடுத்தால், பலர் பயந்தது போல நோயாளிகள் அடிமையாகி விடுவதில்லை. மேலும் மேலும் கேட்பதும் இல்லை என்று அந்தக் குறிப்புகள் காட்டின.

இன்னொரு காரியமும் செய்தார். டேப் ரெக்கார்டரை எடுத்துக் கொண்டு போய், நோயாளிகள் பேசுவதைப் பதிவு செய்தார். அப்போதெல்லாம் நோயாளி பேசுவதை இவ்வளவு பொறுமையாகக் கேட்ட டாக்டர்கள் குறைவு.

ஒரு பெண்ணிடம், எங்கே வலிக்கிறது என்று கேட்டார் சிசிலி. முதுகில் தொடங்கியது; இப்போதோ தன்னிடம் உள்ள எல்லாமே கெட்டுப் போனது போல் இருக்கிறது என்றார் அந்தப் பெண். அதோடு நிறுத்தவில்லை. தன்னைப் பார்த்துக் கொள்வதற்காகக் கணவரும், மகனும் வேலைக்குப் போகாமல் சம்பளத்தை இழக்க வேண்டுமே என்ற கவலையைச் சொன்னார். யாருமே தன்னைப் புரிந்து கொள்ளவில்லை என்றும் சொன்னார்.

கேட்ட கேள்வி ஒன்று. கிடைத்த பதில் நான்கு! உடலில் ஒரு வலி. மனதில் ஒரு வலி. குடும்பத்தையும், பணத்தையும் பற்றி ஒரு வலி. தன் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று ஏங்கும் வலி ஒன்று. இவை எல்லாம் சேர்ந்ததை, முழுமையான வலி என்று சிசிலி பெயரிட்டார். மாத்திரை முதல் வலியைப் போக்கும். மற்ற மூன்றுக்கும் மனிதர்கள் வேண்டும். அந்த மனிதர்களுக்குப் பயிற்சி வேண்டும்!

எனவே எழுதத் தொடங்கினார். 1959ல் நர்ஸ்களுக்கான பத்திரிகை ஒன்றில், சாகும் நிலையில் உள்ளவர்களைக் கவனிப்பது எப்படி என்று ஆறு கட்டுரைகள் எழுதினார். 1963ல் அமெரிக்காவுக்குப் போய், யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களுக்கும், நர்ஸ்களுக்கும் உரையாற்றினார்.

19 ஆண்டுக் கனவு

ஒரு பக்கம் வேலை, இன்னொரு பக்கம் வீடு கட்டும் முயற்சி. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் கடிதம் எழுதினார். அறக்கட்டளைகளின் கதவைத் தட்டினார். சிறுகச் சிறுகப் பணம் சேர்ந்தது. தெற்கு லண்டனின் சிடன்ஹாம் பகுதியில் இடம் கிடைத்தது.

1967ம் ஆண்டு, ஜூலை 24ம் தேதி, இளவரசி அலெக்சாண்ட்ரா அந்த இல்லத்தைத் திறந்து வைத்தார். அதன் பெயர், செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ். மொத்தம், 54 படுக்கைகள்.

ஹாஸ்பிஸ் என்றால் என்ன? நம் ஊரில் அந்தக் காலத்தில் கால்நடையாகப் போகிற வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறச் சத்திரம் கட்டி வைத்தார்கள் அல்லவா? அதுபோல ஐரோப்பாவில் யாத்திரிகர்கள் தங்கிய இடம்தான் ஹாஸ்பிஸ். கிறிஸ்டோபர் என்பவர் வழிப்போக்கர்களைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்க உதவியதாக அங்கே ஒரு கதை உண்டு. கடைசிப் பயணம் போகிறவர்கள் தங்கும் சத்திரத்துக்கு எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்!

டேவிட் கேட்டாரே, ஜன்னல்? அதை சிசிலி மறக்கவில்லை. இல்லத்தின் முன்பகுதியில், அவர் நினைவாக ஒரு ஜன்னல் வைக்கப்பட்டது. தன்னை நினைக்க யாருமே இல்லை என்று கலங்கிய அந்த ஹோட்டல் சர்வரை இன்று உலகமே நினைக்கிறது.

அந்த இல்லத்தில் தோட்டம் இருந்தது. படங்கள் மாட்டப்பட்டிருந்தன. ஊழியர்களின் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பள்ளி கூட அங்கேயே நடந்தது. குழந்தைகளின் சிரிப்புச் சத்தம் கேட்கும் இடத்தில், சாவு பயம் கொஞ்சம் விலகித்தானே நிற்கும்?

என்ன கற்றுக் கொடுத்தார்கள்?

கட்டடம் கட்டியதோடு சிசிலி திருப்தி அடையவில்லை. 54 படுக்கைகளில் எத்தனை பேரைப் படுக்க வைக்க முடியும்? ஆனால், பயிற்சி பெற்றவர் ஒருவர் தன் ஊருக்குப் போனால், அங்கே நூறு பேருக்கு உதவுவார். எனவே கவனிப்பு, ஆராய்ச்சி, பயிற்சி மூன்றும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தார். 1973ல் பயிற்சிக்காகவே தனிக் கட்டடம் திறக்கப்பட்டது. டாக்டர்கள், நர்ஸ்கள், சமூக சேவகர்கள், தொண்டர்கள் எனப் பல நாட்டினர் அங்கே வந்து படித்தனர்.

இப்படிக் கவனிப்பவர்களுக்கு என்னென்ன கற்றுக் கொடுப்பார்கள் தெரியுமா? கேட்டால் மிகச் சின்ன விஷயங்களாகத் தோன்றும்.

* நோயாளியின் காலடியில் நின்றபடி அவசரமாகப் பேசிவிட்டு ஓடக் கூடாது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அவர் கண்ணுக்கு நேராக நம் கண் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம்தான் இருக்க முடியும் என்றாலும், அந்த ஐந்து நிமிடமும் அவருக்கே சொந்தம்.

* வலி வந்த பிறகு ஓடக் கூடாது. வருமுன் மருந்து தர வேண்டும். மருந்து கொடுத்த நேரத்தை எழுதி வைக்க வேண்டும்.

* உதடு காய்ந்தால் ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். ஒரே பக்கமாகப் படுத்தால் புண் வரும் என்பதால் பக்குவமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தூக்கும்போது என்ன செய்யப் போகிறோம் என்று அவரிடம் முதலில் சொல்ல வேண்டும். அவர் சாமான் அல்ல, மனிதர்!

* நோயாளியிடம் பொய் சொல்லக் கூடாது. அதற்காக உண்மையைக் கல் போலத் தலையில் போடவும் கூடாது. அவர் எவ்வளவு தெரிந்து கொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். கேட்டதற்கு மட்டும், மெதுவாகப் பதில் சொல்ல வேண்டும்.

* பதில் தெரியாத கேள்வி வந்தால்? பேசாமல் கையைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும். மவுனமும் ஒரு மருந்துதான்.

* நோயாளியின் குடும்பத்தையும் கவனிக்க வேண்டும். அவர் இறந்த பிறகு அந்தக் குடும்பத்தை அம்போ என்று விட்டு விடக் கூடாது.

* கவனிப்பவரும் அழலாம். அவருக்கும் துக்கம் உண்டு. அதைச் சக ஊழியர்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டும். இல்லாவிட்டால் அவரே சோர்ந்து விடுவார்.

பார்த்தீர்களா? இவற்றில் பலவற்றுக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஆனால், பயிற்சி இல்லாமல் யாருக்கும் தானாக வருவதும் இல்லை. பாசம் உள்ளவர்கள் கூட, என்ன பேசுவது என்று தெரியாததால்தான் நோயாளியின் அறைக்குள் போகப் பயப்படுகிறார்கள்.

1969ல் இன்னொரு புதுமை. எல்லாருக்கும் தங்கள் சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் இருக்கத்தானே ஆசை? எனவே இல்லத்தின் நர்ஸ்கள் நோயாளிகளின் வீட்டுக்கே போகத் தொடங்கினர். அப்பாவை, அம்மாவை எப்படிப் பார்த்துக் கொள்வது என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் கற்றுக் கொடுத்தனர்.

உலகம் முழுக்கப் பரவிய விளக்கு

யேல் பல்கலைக்கழகத்தில் நர்சிங் கல்லூரித் தலைவராக இருந்தவர், ஃப்ளோரன்ஸ் வால்ட். சிசிலியின் பேச்சைக் கேட்ட அவர், பின்னர் தன் பெரிய பதவியையே விட்டுவிட்டு, லண்டனுக்கு வந்து சிசிலியின் இல்லத்தில் வேலை பார்த்துக் கற்றுக் கொண்டார். அவர் முயற்சியால், 1974ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹாஸ்பிஸ் சேவை தொடங்கியது.

கனடா நாட்டு டாக்டர் பால்ஃபோர் மவுண்ட், 1973ல் லண்டனுக்கு வந்து பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும், 1975ல் மான்ட்ரியல் நகரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குள்ளேயே இதே போன்ற பிரிவைத் தொடங்கினார். அதற்கு, பேலியேட்டிவ் கேர் என்று பெயர் வைத்தார். போர்வை என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. குளிரை விரட்ட முடியாவிட்டாலும், போர்வை போர்த்தி விடலாம் அல்லவா? அதுபோலத்தான், நோயை விரட்ட முடியாவிட்டாலும் துன்பத்தைக் குறைக்கலாம். தமிழில் இதை, வலி தணிப்பு சிகிச்சை என்கிறோம்.

1987ல் பிரிட்டனில் இது தனி மருத்துவப் பிரிவாகவே அங்கீகாரம் பெற்றது.

நம் நாட்டுக்கும் இந்த வெளிச்சம் வந்தது. 1986ல் மும்பையில், சாந்தி அவேத்னா என்ற இல்லம் தொடங்கப்பட்டது. 1993ல் கேரளாவின் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும், நண்பர்களும் வலி தணிப்பு சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கினர். பிறகு கேரளாவில் சாதாரண மக்களே பயிற்சி எடுத்துக் கொண்டு, தங்கள் தெருவில், தங்கள் ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக் கொள்ளத் தொடங்கினர். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் என்று எல்லாரும் இதில் சேர்ந்தனர். 2008ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது.

கட்டிய வீட்டிலேயே...

சிசிலிக்குப் பட்டங்களும், பரிசுகளும் குவிந்தன. 1981ல் டெம்பிள்டன் பரிசு கிடைத்தது. பிரிட்டிஷ் அரசின், டேம் என்ற பட்டம் பெற்றார். 1989ல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற மிக உயர்ந்த கவுரவத்தைப் பெற்றார்.

சொந்த வாழ்க்கையில் மகிழ்ச்சி தாமதமாகத்தான் வந்தது. 1980ல், தன், 61வது வயதில், மரியன் போஹுஷ் என்ற போலந்து நாட்டு ஓவியரைத் திருமணம் செய்து கொண்டார். அவரது ஓவியங்கள் இல்லத்தின் சுவர்களை அலங்கரித்தன. 1985 வரை இல்லத்தின் தலைமை மருத்துவராக இருந்த சிசிலி, அதன் பிறகும் அங்கே வருவதை நிறுத்தவில்லை.

1995ல் கணவர் இறந்தார். எங்கே தெரியுமா? அந்த செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தில்தான்.

அதன் பின் சிசிலிக்கும் புற்றுநோய் வந்தது. எந்த நோயாளிகளுக்காகத் தன் வாழ்க்கையையே கொடுத்தாரோ, அவர்களில் ஒருவராக அவரும் ஆனார். தான் கட்டிய அதே இல்லத்தின் கட்டிலில் படுத்தார். அவர் பயிற்சி கொடுத்தவர்கள், அவர்களிடம் பயிற்சி பெற்றவர்கள், அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக் கொண்டனர். 2005ம் ஆண்டு, ஜூலை 14ம் தேதி, 87வது வயதில் சிசிலி சாண்டர்ஸ் அமைதியாகக் கண் மூடினார்.

ஆசிரியருக்குத் தேர்வு வைப்பவர் யார்? அவர் சொல்லிக் கொடுத்த பாடம் சரியா என்று அவரிடமே சோதித்துப் பார்க்கும் நாள் ஒன்று சிசிலிக்கு வந்தது. அந்தத் தேர்வில் அவருடைய மாணவர்கள் தேறி விட்டனர்!

நீங்களும் செய்யலாம்!

குழந்தைகளே! ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, உலக ஹாஸ்பிஸ் மற்றும் வலி தணிப்பு சிகிச்சை தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாள் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ ஒரு தாத்தாவோ, பாட்டியோ படுத்த படுக்கையாக இருக்கலாம். பெரியவர்கள் அந்த அறைப் பக்கம் போனாலே குரலைத் தாழ்த்திக் கொள்வர். உங்களுக்கும் உள்ளே போகத் தயக்கமாக இருக்கும். என்ன பேசுவது என்று தெரியாது.

அம்மாவிடம் கேட்டுக் கொண்டு, உள்ளே போங்கள். பக்கத்தில் உட்காருங்கள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். வரைந்த படத்தைக் காட்டுங்கள். அவர்கள் சின்ன வயதுக் கதையைக் கேளுங்கள். அவர்கள் பேசவில்லை என்றாலும் பரவாயில்லை, கையைப் பிடித்துக் கொண்டு சும்மா உட்கார்ந்திருங்கள்.

அந்த அறைக்கு நீங்கள்தான் ஜன்னல்!